கண்ணாடியக்கா காய்ச்சிய டீசல்

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பள நாளில் கையெழுத்துப் போட மட்டும்தான் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அவர் கண்ணாடியக்கா. மூக்குக்கண்ணாடி போட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம், அக்காவின் பார்வை கழுகுப் பார்வை. எண்ணெய் ஆலைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகையில், தாவர எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கிறார்கள். அங்கே அதைக் கழுவுகிற பொறுப்பு அவருடையது. ஒவ்வொரு தொட்டியையும் எட்டிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கணும்ப்பா, கண்ணாடி மாதிரி" என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல் அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது.

கொட்டகையில் அடுப்பையும் கலக்கும் தொட்டியையும் பார்த்துக்கொள்பவர் மீசை. அவர் மீசையை எடுத்து வருஷங்கள் ஆகின்றன; பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பாமாயிலைச் சூடாக்கி, காஸ்டிக் சோடா கரைத்த மெத்தனாலை விட்டுக் கலக்கி, ஆற வைப்பார். ஆறினால் இரண்டாகப் பிரியும். கீழே கறுத்த பாகு மாதிரி கிளிசரின், மேலே மெலிந்த டீசல். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இஞ்சின் படுத்தபிறகு வந்து தலையைச் சொறிவார்கள். மேலே நிற்பதில் இன்னும் சோப்பு இருக்கும், காஸ்டிக் மிச்சம் இருக்கும். வெந்நீர் தெளித்து அதையெல்லாம் போக்க வேண்டும். தண்ணீரை மடமடவென்று கொட்டினால் மொத்தமும் நுரைத்து வெளுத்து, எது தண்ணீர் எது டீசல் என்று பிரிக்க முடியாமல் கழுத்தறுத்துவிடும்.

அக்கா கொட்ட மாட்டார். பச்சைக் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரிதான் ஊற்றுவார். அடியில் இறங்கும் தண்ணீர் தெளிவாக வரும்வரை விடமாட்டார். அப்புறம் சூட்டுத் தொட்டியில் விட்டு ஈரத்தைப் போக்கி, ஒரு பாட்டிலில் மாதிரி பிடித்து அலமாரியில் தெளியவிட்டு, பிறகு எடுத்துச் சுவரில் மாட்டிய காலண்டருக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பார். பாட்டில் வழியாகக் காலண்டரின் பொடி எழுத்தைப் படிக்க முடிந்தால் பாஸ். பாட்டில் அலமாரிக்கே திரும்பும், டீசல் டிரம்முக்குப் போகும். கொட்டகையில் இடம் குறைவு. அந்த அலமாரி சூட்டுத் தொட்டிக்கு மேலேதான் இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஊர் அடிவாரத்தில், பள்ளிக்கூடம் மலைமேல். நிதானமான மனிதர். பிள்ளைகள் ஏறியதும் கதவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். சொந்த வீட்டுக் கதவை மட்டும் ஆவென்று திறந்துபோட்டுவிட்டுப் போவார் என்பது அக்காவின் தீராத புகார். மனைவி காய்ச்சிய டீசலைப் பங்க் டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி புகை குறைந்து நன்றாகத்தான் ஓடியது. "அண்ணே, உங்க வேன்ல ஏதோ பொரிக்கிற வாசனை வருது, பசிக்குது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதை வீட்டில் வந்து சொன்னால் அக்காவுக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஒருநாள் அக்கா கேட்டார்: "பாதிக்குப் பாதியே இவ்வளவு நல்லா ஓடுதே. இன்னும் எதுக்குங்க அந்தப் பங்க் டீசல்? என்னோடதையே முழுசா ஊத்துங்க."

"ஊத்தலாம்தான். இப்படியே ஓடட்டுமேன்னு பாக்கறேன்."

"ஏன், என்னோடது கசக்குதா?"

கல்யாணமான எந்த ஆணும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி ஜெயித்ததில்லை. வேன்காரர் முழு டேங்கும் ஊற்றினார். அந்த வாரம்தான் குளிர் இறங்கியது.

பாதி மலையில், ஒரு செங்குத்தான வளைவில், வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. உள்ளே பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் மற்றொரு வேன் வந்து, பிள்ளைகள் எல்லாரும் பத்திரமாகப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள். நின்றுபோன வண்டியை வெயில் ஏறியபிறகு கட்டி இழுத்துக் கீழே கொண்டுவந்தார்கள். மெக்கானிக் திறந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருந்தது, சாவியைத் திருப்பினால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. சாயங்காலம் பெற்றோர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வேன்காரர் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "பில்டர் மாத்தாம விட்டுட்டேன். என் தப்புதான்."

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் அம்மா, தெருமுனைத் தையல்காரம்மா, எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். "ஒரு பில்டர் மாத்த முடியலைன்னா எங்க பிள்ளைங்களை எதுக்குண்ணே ஏத்தறீங்க?" வேன்காரரின் குனிந்த தலை நிமிரவில்லை.

அக்காவுக்கு விஷயம் கடைத்தெருவில் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அவரும் தன் பங்குக்கு ஆரம்பித்தார். "பில்டர் மாத்தறதுல என்னங்க சோம்பல்? என் தலை கவுந்துபோச்சு." அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

ஆனால் மாடிப்படிக்குக் கீழே அக்கா கொண்டுவந்து வைத்த டீசல் கேன் வைத்தது வைத்தபடி இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது. வண்டியோ தினமும் மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்காவுக்கு மூக்கில் வேர்த்தது.

"ஏங்க, கேன் அப்படியே இருக்கே?"

"இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா? பங்க்குக்குப் போறீங்களா?"

"போற வழியிலதானே இருக்கு."

விடுவாரா? சாப்பாட்டில், துணி மடிக்கையில், விளக்கை அணைத்தபிறகு என்று துளைத்து எடுத்ததில் ஒருநாள் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

"பில்டர் புதுசும்மா. அதை மாத்தி ஒரு வாரம்கூட ஆகல."

"அப்புறம் ஏன் நின்னுச்சு?"

"மேலயே கழட்டிப் பாத்தேன். உள்ள வெள்ளையா, நெய் உறைஞ்ச மாதிரி அடைச்சிருந்துச்சு. கீழ வந்ததும் வெயில்ல உருகிடுச்சு. அதான் மெக்கானிக் கண்ணுக்குத் தெரியல."

அக்கா எழுந்து உட்கார்ந்தார். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் எண்ணெயாலதான்னு வெளிய தெரிஞ்சா உன் கொட்டகைப் பக்கம் யாரு வருவா? என்னைத் திட்டுனா ரெண்டு நாளைக்குத் திட்டுவாங்க. எனக்கென்ன, காதுல வாங்கி விட்டுடுவேன்."

"நானும்தானே திட்டினேன்."

"நீ எப்பவும் திட்டறதுதானே."

அக்காவுக்கு முதலில் வந்தது கோபம். "கண்ணாடி மாதிரி இருந்துச்சுங்க. நானே பாத்தேன்" என்று சண்டைக்கு நின்றார். "இருந்துச்சு. கீழ இருந்தவரைக்கும் இருந்துச்சு" என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்புறம்தான் அழுகை வந்தது. ஊரே கூடி இந்த மனிதரைக் கேள்வி கேட்டபோது தானும் சேர்ந்து கேட்டோமே என்று நினைக்க நினைக்கத் தாங்கவில்லை.

மறுநாள் கேனிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து, வீட்டு பிரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த நாள் காலையில் எடுத்துப் பார்த்தபோது, எந்த டீசலுக்குத் தன் வாயாலேயே பாஸ் போட்டாரோ அது மங்கி, வெளுத்து, பாட்டிலைச் சாய்த்தாலும் அசையாமல் நின்றது. அடுப்பங்கரையில் வைத்துக் கொஞ்சம் சூடேறியதும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மறுபடியும் தெளிந்துவிட்டது.

கொட்டகைக்கு வந்து அலமாரியைத் தொட்டுப் பார்த்தார். பலகை இளஞ்சூடாக இருந்தது. இருக்காதா? அடியில் சூட்டுத் தொட்டி. இத்தனை வருஷமாக ஒவ்வொரு பாட்டிலையும் கதகதப்பான இடத்தில் வைத்து, எடுத்து, பார்த்து, பாஸ் போட்டிருக்கிறார். அங்கே வைத்தால் எந்த எண்ணெய்தான் தெளியாது? கண்ணால் காண்பதும் பொய் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. சோப்பையும் தண்ணீரையும் காட்டிக்கொடுக்கிற பார்வை குளிரைக் காட்டிக்கொடுக்காது என்பது கண்ணாடியக்காவுக்கே தெரியாமல் போயிருந்தது.

அக்கா மறைக்கவில்லை. மீசையையும் ஆலை முதலாளியம்மாவையும் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னார். முதலாளியம்மா கணக்குப்போட்டுப் பேசுகிறவர், கெட்டவர் இல்லை. "பாமாயில்னா குளிர்ல அப்படித்தான் உறையும். ஆனா நம்மகிட்ட வாங்கறதெல்லாம் கீழ ஓடற டிராக்டருங்க. மலை ஏறறது உன் வீட்டுக்காரர் வண்டி ஒண்ணுதான். அதுக்காக இவ்வளவு மெனக்கெடணுமா?"

"அந்த ஒண்ணுலதாம்மா பிள்ளைங்க போறாங்க" என்றார் அக்கா.

முதலாளியம்மா வாசல் பக்கம் பார்த்தபடி நின்றார். பிறகு, "சரி, ஒரு தொட்டியை எடுத்துக்கோ" என்றார்.

முதல் வேலையாக அலமாரியைப் பிடுங்கி வெளிச்சுவரில் அடித்தார்கள். பாட்டிலைக் குளிரில் வைத்துச் சோதிக்க, முதலாளியம்மா வீட்டில் சும்மா கிடந்த பழைய பிரிட்ஜ் கொட்டகைக்கு வந்தது. டீசலில் உறையும் பகுதியை முன்கூட்டியே உறைய வைத்து நீக்கிவிட வேண்டும் என்பது யோசனை. குளிர வைத்தால் மெழுகு மாதிரியான பகுதி கட்டிபட்டு அடியில் இறங்கும். மேலே நிற்பதை மட்டும் வடித்துக்கொண்டால் அது அந்தக் குளிரைத் தாங்கும். சொல்வதற்கு எவ்வளவு சுலபம்! மீசை உற்சாகத்தில் தொட்டியைச் சுற்றி ஐஸ் கட்டிகளை அடுக்கிவிட்டார். மதியத்துக்குள் மேலேயும் இல்லை கீழேயும் இல்லை, தொட்டி முழுக்க ஒரே கஞ்சி. வடிகட்டித் துணியில் ஊற்றினால் துணி அடைத்துக்கொண்டது.

"பதறின காரியம் சிதறும்னு சொல்வாங்க, நீ தொட்டியோட சிதறடிச்சிட்டியே" என்றார் அக்கா.

"ஐஸ் வாங்கினது என் சொந்தக் காசு அக்கா. அதையாவது நினைச்சுப் பாருங்க."

மெதுவாகக் குளிர வைத்தால்தான் கட்டி பெரிதாக வரும், பெரிதாக வந்தால்தான் அடியில் இறங்கும். கழுவுவதில் இருந்த பொறுமை இதற்கும் வேண்டியிருந்தது. அது அக்காவிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. தொட்டிக்குச் சாக்குப் போர்த்தி, சுற்றிலும் குழாயில் தண்ணீர் ஓடவிட்டு, அதை ஐஸ் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைத்தார்கள். அப்படியும் பாமாயில் முரண்டு பிடித்தது. வடிப்பதைவிட அடியில் நிற்பது அதிகமாக இருந்தது. பாமாயிலைக் குறைத்து, எளிதில் உறையாத சோயா எண்ணெயை அதிகமாகச் சேர்த்துக் காய்ச்சியபோதுதான் வழிக்கு வந்தது. அடியில் நின்றது வீணாகவில்லை, மீசை தன் அடுப்பில் எரிக்க எடுத்துக்கொண்டார். சூட்டிலேயே கிடக்கும் அடுப்புக்கு உறைந்தால் என்ன, உருகினால் என்ன?

கடைசியில் ஒரு பாட்டில் பிரிட்ஜிலிருந்து வெளியே வந்தபோது, அதன் வழியாகக் காலண்டரின் பொடி எழுத்து தெரிந்தது. அக்கா நம்பவில்லை. இன்னும் குளிரைக் கூட்டி வைத்தார். அதையும் தாங்கியது. மேலும் கூட்டியபோது மங்கியது. எந்தக் குளிரில் மங்கியது என்பதைப் பிரிட்ஜுக்குள் வைத்த தெர்மாமீட்டரில் பார்த்து மனசில் முடிந்துகொண்டார். முன்பெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தவர், இப்போது எங்கே கெடும் என்று தேடித் தேடிப் பார்த்தார்.

புதுக் கேனோடு வீட்டுக்கு வந்த அன்று அக்கா நடையில் ஒரு மிடுக்கு இருந்தது. வேன்காரர் கேனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"வேண்டாம்மா."

"பிரிட்ஜுல வச்சுப் பாத்துட்டேன். உறையலைங்க."

"நல்லதுதானே. டிராக்டருக்குக் குடுங்க."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உன் மேல இருக்கு. அது மேல இல்ல."

அக்காவின் முகம் சுண்டிப்போய்விட்டது. இரண்டு நாள் அந்த வீட்டில் டம்ளர்களும் தட்டுகளும்தான் பேசின. டீயைக் கொண்டுவந்து வைக்கிற சத்தத்திலேயே அன்றைய நிலவரம் அவருக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் நாள் அவரே அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார்.

"அன்னைக்கு உன்கிட்ட ஒண்ணு சொல்லல. வண்டி நின்னப்போ பின்னால உருண்டுச்சு. கொஞ்சம்தான். ஹேண்ட் பிரேக் பிடிச்சிருச்சு. பிள்ளைங்களுக்குத் தெரியாது, பாடிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும்." அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "கண்ணை மூடினா அது வருது."

அக்காவின் வீம்பெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்தது. ஈரக் கையோடு போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த மனிதரை இந்த நிமிஷம் எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அந்த வீட்டில் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. அதனால், "பிள்ளைங்க வேண்டாம். லீவு நாள்ல நாம ரெண்டு பேர் மட்டும் போவோம்" என்றார்.

லீவு நாள் காலையில், பனி விலகுமுன் கிளம்பினார்கள். டேங்க் முழுக்கப் புதுக் கேனின் டீசல். அக்கா முன் இருக்கையில் சாமான் மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தார். வண்டி மறுபேச்சில்லாமல் ஏறியது. அந்த வளைவு வந்ததும் வேன்காரர் ஓரமாக நிறுத்தி, இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்துவிட்டு இஞ்சினை அணைத்தார்.

"ஏங்க அணைச்சீங்க? நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஓடறப்போ சூடா இருக்கும். நின்னு குளிரட்டும். அப்ப கிளம்புதான்னு பாக்கணும்."

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். சூட்டு அலமாரியில் தான் இத்தனை வருஷம் கோட்டைவிட்டதை இந்த மனிதர் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். மலைக்காற்று காதை அறுத்தது. பிளாஸ்க்கில் கொண்டுவந்த டீயை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். பானெட் தொட்டால் ஜில்லென்று ஆகும்வரை காத்திருந்தார்கள். கல்யாணமாகி இவ்வளவு நேரம் வேலை எதுவும் இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை என்று அக்கா சொன்னார். "அதுக்கும் ஒரு வண்டி நிக்க வேண்டியிருக்கு" என்றார் அவர்.

சாவியை அவரே திருப்பினார். ஒரு முறை இழுத்து, பிடித்துக்கொண்டது. அவர் சிரிக்கவில்லை. இறங்கிப் போய் பில்டரைக் கழற்றிப் பார்த்தார், வெள்ளை இல்லை. திரும்ப மாட்டிவிட்டு, துணியில் கை துடைத்துக்கொண்டே, "திங்கக்கிழமை காலையில பிள்ளைங்க ஏறற இடத்துக்கு நீயும் வா" என்றார்.

எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, "வாயேன்" என்றார். திங்கள்கிழமை காலையில் அக்கா போனார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் நின்றிருந்தார்கள். யாரையும் ஏற்றாமல், வேன்காரர் கதவுக்கு முன்னால் நின்று பேசினார்.

"அன்னைக்கு பில்டர் பழசுன்னு சொன்னேன். அது பொய். நின்னது என் பொண்டாட்டி செஞ்ச டீசல்னால. குளிர்ல உறைஞ்சுபோச்சு. இன்னைக்கு டேங்க்ல இருக்கறதும் அவ செஞ்சதுதான், மாத்திச் செஞ்சது. நான் ஓட்டிப் பாத்துட்டேன். ஆனா பிள்ளைங்க உங்களோடது. கேக்க வேண்டியது எதுவா இருந்தாலும் அவளையே கேளுங்க."

அக்கா திடுக்கிட்டுப் போனார். இவருக்கு இந்த வேலை எதற்கு, மூடின விஷயத்தை இப்படியா போட்டு உடைப்பது என்று ஒரு நொடி ஆத்திரம்கூட வந்தது. எல்லார் கண்ணும் அவர்மேல் திரும்பியது. தையல்காரம்மா மகளின் பையைப் பிடித்தபடி முன்னால் வந்தார்.

"நிக்காதா?"

"இப்ப இருக்கற குளிருக்கு உறையாது. இதைவிட இன்னும் கொஞ்சம் ஏறினாலும் உறையாது" என்றார் அக்கா. "குளிரு அதுக்கும் மேல போனா உறையும்."

"உறையுமா?"

"உறையும். எந்தக் குளிர்ல உறையும்னு பாத்து வச்சிருக்கேன். அவ்வளவு குளிரு வந்தா நானே இங்க வந்து, இன்னைக்கு என் டீசல் வேண்டாம், பங்க் டீசலே போடுங்கன்னு சொல்லிடுவேன்."

"போன தடவையும் நல்லா இருக்குன்னுதானே குடுத்திருப்பீங்க?"

"ஆமா. குளிர்ல வச்சுப் பாக்காமலே நல்லா இருக்குன்னு சொன்னேன். அது என் தப்பு, இவர் தப்பில்ல. இவரை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

தையல்காரம்மா யோசித்தார். மற்றவர்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் மகளின் பையிலிருந்து கையை எடுத்தார். குழந்தை படியேறியது. அதன் பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

வேன் கிளம்பிப் போனது. பெற்றோர் கலைந்துபோனார்கள். அக்கா மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மலை ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வளைவுகளில் தேய்ந்து தேய்ந்து, பிறகு கேட்கவில்லை. தூரமாகப் போனதால் கேட்கவில்லையா, நின்றுவிட்டதால் கேட்கவில்லையா? திரும்பிப் பார்த்தால் தையல்காரம்மாவும் போகாமல் பக்கத்தில் நின்றிருந்தார். இருவரும் மலையையே பார்த்தார்கள்.

போன் அடித்தது. எடுக்கிற அவசரத்தில் அக்கா ஸ்பீக்கர் பட்டனையும் சேர்த்து அழுத்திவிட்டார்.

"எல்லாரும் உள்ள போயிட்டாங்க" என்றது வேன்காரரின் குரல்.

தையல்காரம்மா மூச்சை விட்டு, அக்காவின் தோளைத் தொட்டுவிட்டுக் கடை திறக்கப் போனார். அக்காவுக்குக் கண் நிறைந்து தெருவே மங்கலாகத் தெரிந்தது.

"என்ன, லைன்ல இருக்கியா?"

"ம்."

"வேலை முடிஞ்சு வரும்போது இன்னொரு கேன் எடுத்துட்டு வா. நாளைக்குப் பத்தாது."